நசுங்கிக் கொடுத்த செம்பு

பிரேக் காலிபர் மாற்றிய சில நாளிலேயே சக்கரத்துப் பக்கம் பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று ஒரு வண்டி வந்தால், உடன் வருகிறவர் முதலில் குறை சொல்வது புதிய காலிபரைத்தான். ‘டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டான்’ என்பார். தூத்துக்குடியில் நான் பட்டறை நடத்திய காலத்தில் பார்த்தவரை, புதிய காலிபர் தானாக ஒழுகியது அபூர்வம். பழைய ஹோஸ் ஒழுகியதும் அபூர்வம்தான். இரண்டும் சேருகிற இடம்தான் ஒழுகும். அங்கே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இரண்டு செப்பு வாஷர்கள் இருக்கும். வண்டியின் விலையோடு வைத்துப் பார்த்தால் அவற்றுக்கு விலையே இல்லை. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிறவருடைய உயிர் அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.

அந்த வாஷர் எப்படி வேலை செய்கிறது, எப்போது வேலை செய்யாமல் போகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. வண்டிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. உப்பளத்துப் பக்கம் குடியிருப்பவர்களின் ஜன்னல் கம்பி படும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே பாட்டைத்தான், பிரேக் பேடை டிஸ்கில் அழுத்துவதற்காகக் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனும் படுகிறது. தூசி படாமல் மூடியிருக்கும் ரப்பர் பூட் எங்காவது கிழிந்தால் ஈரமும் உப்பும் உள்ளே போய், வழவழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் துருப்புள்ளி விழும். பிஸ்டனைச் சுற்றிச் சதுரமாக வெட்டிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பிரேக் மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் வளையும். காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துவிடும். பிஸ்டனைத் திரும்ப இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த ரப்பரின் சுபாவம் ஒன்றுதான். துரு ஏறிவிட்டால் பிஸ்டன் திரும்பாது. பேட் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும். சக்கரம் சுடும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

அந்தக் காலத்தில் காலிபரைப் பிரித்து, பிஸ்டனும் ரப்பரும் அடங்கிய ‘கிட்’ மட்டும் மாற்றுவோம். 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் டி.வி.எஸ். கிர்லிங் கிட் பெட்டிகள் எங்கள் அலமாரியில் வரிசையாக இருக்கும். இப்போது முழுக் காலிபரையே மாற்றிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. துருப்பிடித்த துளைக்குள் புது ரப்பரைத் திணிப்பதைவிட அது நல்லதுதான்.

மாற்றும் வேலை பார்ப்பதற்கு எளிது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பழைய காலிபர் கையோடு வந்துவிடும். ஆனால் ஆயில் கொண்டுவரும் ஹோஸ் பழையது. அதைப் பழைய காலிபரிலிருந்து பிரித்துப் புதியதில் பூட்டுவது பேன்ஜோ போல்ட். உள்ளே நீளவாக்கில் துளையிட்ட போல்ட் அது. பக்கவாட்டிலும் ஒரு துளை இருக்கும். ஹோஸின் நுனியில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து காலிபரின் மரையில் ஏறும். ஆயில் வளையத்துக்குள் வந்து, பக்கத் துளை வழியாகப் போல்ட்டுக்குள் புகுந்து, காலிபருக்குப் போய்ச் சேரும். போல்ட்டின் தலைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு செப்பு வாஷர். வளையத்துக்கும் காலிபருக்கும் நடுவே இன்னொன்று. ஆக இரண்டு வாஷருக்கு நான்கு முகங்கள். நான்கில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் ஆயில் வெளியே வந்துவிடும்.

எவ்வளவு அழுத்தத்தை அந்த வாஷர் தாங்குகிறது என்று சொன்னால்தான் அதன் அருமை புரியும். காருக்குக் காற்றடிக்கும்போது ‘32 வை’ என்கிறோம். அதே அளவில் பார்த்தால், அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது பிரேக் ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் 1,000-ஐத் தாண்டும். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பிரான்சு நாட்டு பாஸ்கல் எழுதிவைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல், அது அச்சில் வந்தது. எல்லாப் பக்கமும் என்றால் அதில் வாஷரும் அடக்கம். பிஸ்டனைத் தள்ளுகிற அதே அழுத்தம் வாஷரையும் தேடி வருகிறது.

1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் இப்படித் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்துவிட்டது. அப்படியிருந்தும் ஃபோர்டு கம்பெனி தன் 1939 மாடலில்தான் அதற்கு மாறியது. அதுவரை கம்பியும் கேபிளும் இழுக்கிற பிரேக்தான். திரவத்தை நம்பி உயிரை ஒப்படைக்கத் தயங்கியவர்களைப் பழைய ஆட்கள் என்று நான் தள்ளிவிட மாட்டேன். கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒழுகல் மறைவில் நடக்கிற காரியம்.

ஒழுகல் என்று தெரிந்ததும் நம் கை எடுப்பது ஸ்பேனரை. ‘இன்னும் அரைச் சுற்று முறுக்குடா’ என்பதுதான் எல்லாப் பட்டறையிலும் முதல் வைத்தியம். இந்த வைத்தியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். பேன்ஜோ போல்ட்டுக்கு, வண்டியைப் பொறுத்து, 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினாலே பெரும்பாலும் போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 3 கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்குதான் அது. பெரிய ஸ்பேனரைப் போட்டு உடம்பின் பலத்தையெல்லாம் காட்ட அங்கே இடமில்லை. உள்ளே துளை இருப்பதால் அந்தப் போல்ட் பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் பலம் குறைந்தது. மேலும் மேலும் முறுக்கினால் கழுத்தில் முறிந்து பாதி காலிபருக்குள்ளேயே நின்றுவிடும். அது முறியாவிட்டால் காலிபரின் மரை போகும். இரண்டில் எது நடந்தாலும் புதிதாக வாங்கிய காலிபர் குப்பைக்குத்தான்.

அங்கே ஏன் செம்பைப் போட்டார்கள் என்று வேலை பழக வந்த பையன்களிடம் கேட்பேன். ‘துருப்பிடிக்காது’ என்பார்கள். அது பாதி விடை. ஹோஸ் வளையத்தின் முகமும் காலிபரின் முகமும் கடைந்து எடுத்தவை. கைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளங்கள் அவற்றில் உண்டு. செம்பு இளகிய உலோகம். போல்ட் இறுகும்போது அது நசுங்கி, இரண்டு பக்கத்துப் பள்ளங்களிலும் போய் நிரம்பிவிடும். விட்டுக்கொடுக்காத இரண்டு முகங்களுக்கு நடுவில் விட்டுக்கொடுக்கிற ஒன்று இருப்பதால்தான் ஆயில் நிற்கிறது.

ஆனால் ஒருமுறை நசுங்கிய செம்பு முன்பிருந்த செம்பு அல்ல. நசுங்க நசுங்க அது இறுகும். பாத்திரம் தட்டுகிற கன்னார்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சங்கதி இது. தட்டத் தட்டச் செம்புத் தகடு விறைத்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் தட்டினால் விரிந்துகொடுக்காது, வெடித்துவிடும். வாஷரும் அப்படித்தான். கழற்றி எடுத்துப் பார்த்தால் அதே வாஷர்தான், கொஞ்சம் மெலிந்திருக்கும், பழைய முகத்தின் தடம் அதில் பதிந்திருக்கும். அதையே துடைத்துப் புதிய காலிபரில் போட்டால், பழைய இடத்தின் அச்சைச் சுமந்துகொண்டு புதிய இடத்தில் உட்காரப் பார்க்கும். முடியாது. அதனிடம் விட்டுக்கொடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. இல்லாததை எவ்வளவு முறுக்கினாலும் வாங்க முடியாது.

ஒழுகலுக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வாஷர் ஹோஸ் வளையத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் ஒரு பாகம் மாதிரியே இருக்கும். அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள். புதிய காலிபரின் முகத்தில் பெயின்ட் படிந்திருக்கும். போல்ட்டின் மரை வேறாக இருக்கும். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1 மில்லிமீட்டரும் உண்டு, 1.25-உம் உண்டு. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிளைச் சரியாக மூடியிருக்க மாட்டார்கள். காலிபரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிட்டதால் ஹோஸ் அடிப்பக்கத்தில் விண்டுபோயிருக்கும். வேலை செய்கிறவர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

போன ஆண்டு என் சித்தியின் இரண்டாவது மகன் மதுரையிலிருந்து காரில் வந்தான். இடது முன் சக்கரத்துக் காலிபரை ஒரு பட்டறையில் மாற்றியிருந்தான். பெடல் முன்பைவிட உள்ளே போகிறது, ஆயில் டப்பாவில் மட்டம் இறங்குகிறது, சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது என்றான். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோதெல்லாம் போல்ட்டை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. “இந்த வண்டியில பிரேக் லைன் ரெண்டு கிளை, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்னு யாரும் சொன்னாங்களா?” என்றேன். அவன் தலையாட்டினான். இரண்டு கிளை இருப்பது உண்மைதான். ஒன்று போன பிறகு வண்டியை ஓரம் கட்டுவதற்காகத்தான் மற்றது. ஊர் போய்ச் சேருவதற்காக இல்லை. இதே வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்? பிரேக் ஆயில் ஒழுகுகிற வண்டியை யாரும் ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்குக் கூப்பிட வேண்டும், முடியாவிட்டால் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். காலிபர் முழுக்க ஈரம். ஈரம் தேங்கி நிற்கிற இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆயில் கீழே இறங்கிக்கொண்டே வரும், சக்கரம் சுற்றும்போது தெறிக்கவும் செய்யும். அது பிறக்கிற இடம் பெரும்பாலும் மேலே இருக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். பிறகு அவனை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, “நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ, நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதே” என்றேன். டார்ச்சை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

ஒரு நொடி மிதித்துவிட்டு விட்டால் சிறிய ஒழுகல் காட்டிக்கொடுக்காது. காலை அழுத்தியபடி பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுத்திருந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து அவன் பேச்சை எடுத்தான்.

“அக்கா முன்ன மாதிரி இல்லண்ணே. வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழுதா. தீவாளிக்கு யாரும் வர வேண்டாம்னுட்டா. நாங்க என்ன கொறை வெச்சோம்?”

வளையத்துக்கும் காலிபருக்கும் நடுவே ஆயில் துளித்து நின்றது. “காலை எடு” என்றேன்.

போல்ட்டைக் கழற்றினேன். இரண்டு வாஷரும் பழையவை. காலிபர் பக்கம் இருந்தது இறுக்கி இறுக்கி ஒரு ஓரம் சாய்ந்து தேய்ந்திருந்தது. அந்தப் பட்டறைப் பையனின் மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலிபர் நகர்கிற பின்களுக்குக் கிரீஸ் வைத்திருந்தான், நிப்பிள் மேல்பக்கம் இருக்கும்படி சரியான காலிபரைப் போட்டிருந்தான். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டு, நிப்பிள் கீழே போய், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்று இருக்கிற வண்டிகளையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். இவன் தெரிந்த பையன்தான். புதிய வாஷர் கையில் இல்லாததால் இருந்ததைப் போட்டிருக்கிறான்.

காலிபர் முகத்தில் இருந்த பெயின்ட்டை எடுத்தேன். அரத்தைத் தொடக் கூடாது. கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வழி. சரியான அளவில் புதிய வாஷர் இரண்டு வாங்கிவரச் சொல்லிப் போட்டேன். போல்ட்டை முதலில் விரலாலேயே ஏற்றி, பிறகு டார்க் ரென்ச்சில் அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு இறுக்கினேன். ஆயில் பட்ட பேட் இனி பிடிக்காது என்பதால் இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேட். சீல் உடைக்காத டப்பாவிலிருந்து டாட் 4 ஆயில். திறந்து வைத்த டப்பா எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறோம். ‘மிதி, பிடி, விடு’ என்று சொல்லிச் சொல்லி ஏர் எடுத்து முடித்ததும், மறுபடி அவனைப் பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். ஹோஸைச் சுற்றி வைத்த காகிதம் காய்ந்தபடியே இருந்தது. பீச் ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து இன்னொரு முறையும் பார்த்தோம்.

அவன் அக்காவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். எனக்குத் தங்கை முறை. சித்தப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அவர் திடீரென்று போனபோது இவள் பிளஸ் டூ முடித்திருந்தாள், கீழே மூன்று தம்பிகள். கல்லூரிக்குப் போகாமல் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தம்பிகள் மூவரும் படித்தார்கள். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்ததால் வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவனும் இரண்டாமவனும் பேச்சு வார்த்தை இல்லாமல் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், இரண்டு பேரிடமும் மாறி மாறித் திட்டு வாங்கிக்கொண்டு அவர்களைச் சேர்த்து வைத்தாள். வீட்டைப் பிரித்தபோது தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் விட்டுக்கொடுத்ததால்தான் அந்த வீட்டில் சண்டை தெருவுக்கு வரவில்லை.

சித்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானபோது மூன்று தம்பிகளும் உட்கார்ந்து பேசினார்கள். அம்மா அக்கா வீட்டில் இருக்கட்டும், நாங்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறோம் என்று முடிவெடுத்தார்கள். நேர்மையான பிள்ளைகள்தான், பணம் ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் முடிவெடுத்த பேச்சில் அவள் இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. அக்கா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் முன்பு விட்டுக்கொடுத்ததையே, இனியும் விட்டுக்கொடுப்பாள் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் அவள் கடுகடுப்பாகப் பேச ஆரம்பித்தாள். போனை எடுக்க மாட்டாள், எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாள். நாத்தனார்களையும் தம்பி பெண்டாட்டிகளையும் வாசலோடு அனுப்பினாள். குடும்பம் என்ன செய்தது? முறுக்கியது. தாய்மாமாவை அனுப்பிப் புத்தி சொல்ல வைத்தார்கள். பெற்ற தாய்க்குச் செய்கிற புண்ணியம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கிடைக்காது என்று உறவில் மூத்தவர்கள் சொன்னார்கள். ‘உன்னை மாதிரிப் பொறுமை யாருக்கு வரும், நீ பூமாதேவி’ என்றும் சொன்னார்கள். இந்தப் புகழ்ச்சியை நான் வெறுக்கிறேன். சுமக்காதவர்கள் சுமக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பட்டம் அது. அதுவும் ஒரு ஸ்பேனர்தான், சத்தமில்லாமல் முறுக்குகிற ஸ்பேனர்.

அன்றைக்குக் கை கழுவிவிட்டு வந்து அவனிடம் நேராகவே சொன்னேன். “அக்கா மாறலடா. அவ கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிச்சிட்டா. இன்னும் கேட்டா அவகிட்ட என்ன இருக்கு?”

அவன் வெகுநேரம் கழித்துத்தான் பதில் சொன்னான். “அப்ப அம்மாவை யாருண்ணே பாக்குறது?”

நியாயமான கேள்வி. படுத்துக் கிடக்கிற 82 வயதுத் தாயை யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியை முதல் நாளே நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் அதற்கு விடை கிடைத்திருக்கும் என்றேன்.

இப்படி ஒருவர் இல்லாத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மூத்த மகளாக இருப்பாள், முதலில் வந்த மருமகளாக இருப்பாள், கல்யாணம் செய்துகொள்ளாமல் நின்றுபோன சித்தப்பாவாக இருப்பார். அலுவலகத்திலும் யாருக்கு லீவு வேண்டுமானாலும் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் இருப்பார். அவர் ஒருநாள் சீறினால், உடனே அவருடைய குணத்தை ஆராய ஆரம்பித்துவிடுகிறோம். வயசாகிவிட்டது, பொறாமை வந்துவிட்டது, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் பேசுகிறோம். அவரை எத்தனை இடத்தில் எத்தனை தடவை வைத்து நசுக்கினோம் என்ற கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

இறுகிய செம்பை இளக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. புது வாஷர் சுலபத்தில் கிடைக்காத நாட்களில் பழைய மேஸ்திரிகள் அதைச் செய்வார்கள். வாஷரைக் கம்பியில் கோத்துத் தீயில் காட்டுவார்கள். மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி, எடுத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இன்னும் விறைக்கும், செம்பு அதற்கு நேர்மாறு. கன்னாரும் இதைத்தான் செய்கிறார்; தட்டுவார், விறைத்ததும் தீயில் காட்டி இளக்குவார், மறுபடி தட்டுவார். அந்த இளக்கலைத் தவிர்த்துவிட்டு ஒரு குடத்தைக்கூட அடித்து முடிக்க முடியாது. இதில் நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான செய்தி ஒன்று உண்டு: இளக்கும்போது வாஷர் எந்த இணைப்பிலும் இருக்கக் கூடாது. கழற்றி, தனியாக எடுத்து, எந்தப் பாரமும் இல்லாமல்தான் தீயில் காட்ட வேண்டும். பூட்டிய இடத்திலேயே வைத்துச் சூடு காட்டினால் ஹோஸ் ரப்பர் கருகும்.

பிரேக்குக்கு இந்த வைத்தியத்தை நான் இப்போது அனுமதிப்பதில்லை. புது வாஷர் எங்கும் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுவதுதான் முறை. ஆனால் அக்காவுக்குப் பதில் இன்னொரு அக்காவை எந்தக் கடையில் வாங்குவது? அவளைக் கொஞ்ச காலம் கழற்றித் தனியாக விடுவது ஒன்றுதான் வழி.

தம்பிகளுக்கு அது லேசில் சம்மதமாகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பெரியவன் கேட்டான். கடைசியில் இரண்டாமவன்தான் முன்வந்தான். சித்தியை ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் படுக்கவைத்தான். பகலுக்கு ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தான். அக்கா கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது, அம்மா மருந்து எங்கே இருக்கிறது என்றுகூடப் போன் போட்டுக் கேட்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முதல் மாதம் முழுக்க அவள் தூங்கிக்கொண்டே இருந்தாளாம். மகள் பயந்துபோய் டாக்டரிடம் காட்டினாள். உடம்பில் ஒன்றும் இல்லை, தூங்கட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆரம்பித்தாள். ஒருநாள் அவளாகவே மதுரைக்குப் போன் செய்து, அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைக்கிற விதத்தை நர்ஸம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பங்குனியில் ஊருக்குத் திரும்பி வந்தாள். கோடையில் இரண்டு மாதம் அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன், இரவுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தைத் தம்பிகள் கொடுக்க வேண்டும், மாமாவை இனி வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றாள். முதன்முறையாக அவள் வாயிலிருந்து நிபந்தனை வந்தது. தம்பிகள் மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது என் கவலையெல்லாம் இரண்டாமவன் பெண்டாட்டியைப் பற்றி. வங்கி வேலைக்குப் போய்விட்டு வந்து இரவெல்லாம் மாமியாருக்கு எழுந்து எழுந்து பார்க்கிறாள். ‘எனக்கு ஒண்ணும் சிரமமில்ல மாமா’ என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்ன தொனி எனக்குத் தெரிந்த தொனி. சென்னையில் இருக்கும் கடைசித் தம்பி பணத்தோடு நிறுத்திக்கொள்கிறான், அவன் வீட்டில் சித்தி இன்னும் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பொங்கல் கழிந்ததும் மதுரையில் மூன்று பேரும் உட்காருகிறார்கள், நானும் போகிறேன். அக்கா அதற்கு வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டாமவன் பெண்டாட்டி வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சென்னைக்காரன் எந்தெந்த மாதங்களை எடுத்துக்கொள்ளப் போகிறான் என்பதுதான் முதல் பேச்சு.